இட்லி மாவு பொங்காவிட்டால் கைராசி இல்லை என்று பொருளா?

ஆறு முறை மாவு அரைத்தும் இட்லி கல் போலவே வருகிறது, எனக்குச் சமையலே வராது என்று விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே முடிவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் வீட்டில் மாவே அரைக்காமல் இருந்தவள் என்பதால், இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போக என்னால் முடியவில்லை. உங்கள் இட்லியைப் பார்த்து யாரோ ஏதோ சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். மாவு பொங்காதது மட்டும் ஒருவரை இவ்வளவு தளரச் செய்யாது.

என்னிடம் சொன்னவர் என் நாத்தனார். திருமணமாகி மதுரையிலிருந்து தில்லிக்குக் குடிபோன முதல் ஜனவரியில் அவர் குடும்பத்தோடு வந்திருந்தார். முந்தைய நாளே அரிசியும் உளுந்தும் ஊறவைத்து, மிக்சியில் அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து வைத்தேன். காலையில் மூடியைத் திறந்தபோது, இரவு வைத்த மட்டத்திலேயே மாவு இருந்தது. அவர்கள் ரயிலுக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால் வேறு வழியின்றி அதையே ஊற்றினேன். தட்டையாக, நடுவில் பிசுபிசுப்பாக வந்த அந்த இட்லியை அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு, "விடு, சிலருக்குக் கைராசி அப்படித்தான்" என்றார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஆறுதலாகச் சொன்னதால் அது உள்ளே தங்கிவிட்டது. அதன் பிறகு ரசத்தையும் பொங்கலையும்கூட, உப்பு சரியா என்று கணவரைச் சுவைக்கச் சொல்லாமல் அடுப்பிலிருந்து இறக்கத் துணிவு வரவில்லை. மாவைப் பாக்கெட்டில் வாங்கத் தொடங்கினேன். பாக்கெட் மாவு வாங்குவதைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்; நேரமில்லாமல் வாங்குவது வேறு, நான் பயந்து வாங்கினேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, மீண்டும் ஒரு ஜனவரியில், அம்மா என்னுடன் தங்க வந்தார். நாற்பது ஆண்டுகளாக மாவு அரைத்த கை அது. என் அடுக்களையில், என் பாத்திரத்தில், அவரே அரைத்துக் கரைத்து வைத்தார். காலையில் அவருடைய மாவும் ஒரு விரல் அளவுகூட எழும்பியிருக்கவில்லை. அம்மா சற்றும் கலங்காமல் பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்து, "மாவு குளிர்ந்து கிடக்குதடி, இது எப்படிப் பொங்கும்?" என்றார். பெரிய சட்டியில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, மாவுப் பாத்திரத்தை அதற்குள் இறக்கி, மேலே கம்பளியைச் சுற்றினார். நீர் ஆற ஆற மாற்றினோம். மாலை நான்கு மணிக்கு மாவு விளிம்பைத் தொட்டது. நான் அடுக்களையிலேயே நின்று அழுதேன். இட்லிக்காக ஒருத்தி அழுவாளா என்று கேட்பவர்கள் இருக்கலாம். இரண்டு ஆண்டுகள் தன் கையையே சந்தேகித்தவருக்கு அது புரியும்.

பிறகுதான் காரணங்களைத் தேடிப் படித்தேன். மாவைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு வகிப்பது லியூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்னும் பாக்டீரியா. அது உளுந்தோடும் அரிசியோடுமே வந்துவிடுகிறது. அது உண்டாக்கும் கரியமில வாயுவை உளுந்தின் புரதமும் பசைத்தன்மையும் வெளியேறவிடாமல் பிடித்து வைப்பதால் மாவு எழும்புகிறது. ஏறத்தாழ 30 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவுக்குள் நடந்துவிடும் இந்த வேலை, இரவில் 7, 8 டிகிரிக்கு இறங்கும் தில்லிக் குளிரில் நடக்கவில்லை. கையால் கரைத்தால்தான் பொங்கும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நானும் இன்றுவரை கையால்தான் கரைக்கிறேன்.

எல்லாப் பழியையும் குளிர்மேல் போடுவதும் நேர்மையாகாது. நான் வாங்கியது பழைய உடைத்த உளுந்து. அதை மிக்சி சூடேறும் வரை ஒரே மூச்சில் அரைத்தேன். இப்போது புது முழு உளுந்து வாங்கி, குளிர்ந்த நீர் தெளித்து, விட்டுவிட்டு அரைக்கிறேன். அரைத்ததில் ஒரு சொட்டை நீரில் போட்டால் மிதக்க வேண்டும். இட்லி அரிசி 4 பங்குக்கு உளுந்து 1 பங்கு, வெந்தயம் 1 தேக்கரண்டி என்பது என் அளவு.

இந்த அளவைப் பெறுவதற்கு நான் பட்டபாட்டையும் சொல்ல வேண்டும். கேட்ட பெரியவர்கள் அனைவரும் "கண்ணளவுதான்" என்றார்கள். கண்ணளவு பொய்யில்லை, அது பல ஆண்டுப் பழக்கம். ஆனால் அந்தப் பழக்கம் இன்னும் வராத பெண்ணிடம் அளவைச் சொல்லாமல் விட்டுவிட்டு, மாவு பொங்காதபோது மட்டும் கைராசியைப் பேசுவது எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஏழாவது முறை அரைத்துக் கரைத்த பிறகு, பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் வெதுவெதுப்பான நீரில் இறக்கி வையுங்கள். காலையில் பொங்கவில்லை என்றாலும் கொட்டிவிடாதீர்கள். அன்றைய காலைக்கு உப்புமா கிளறிக்கொண்டு, மாவை மாலைவரை விட்டு வையுங்கள்.