சும்மா இருக்கும்போதும் கரண்ட் குடிக்கும் ஃபயர்வால்: வாசகர் கேள்விகள்

வீட்டு நெட்வொர்க்குக்குக் காவலாக ஃபயர்வால் வைக்க, 6 வாட் சிப் என்று நம்பி இன்டெல் என்100 சிப் உள்ள மினி கணினி வாங்கினேன். பிளக் மீட்டர் 14 வாட் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. அந்த 6 வாட் சிப்பை மட்டும் பற்றியது. சுவரிலிருந்து வருவதில் அடாப்டரின் இழப்பு, நான்கு நெட்வொர்க் போர்ட், ராம், எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் எப்படி அளந்தீர்கள்? ஃபயர்வாலின் டாஷ்போர்டை உலாவியில் திறந்து வைத்துக்கொண்டு அளந்தால், நொடிக்கொரு முறை வரைபடம் வரைகிற வேலையே சிப்பைத் தூங்கவிடாது. டாஷ்போர்டை மூடுங்கள், மானிட்டரைக் கழற்றுங்கள், பத்து நிமிடம் கழித்து மீட்டரைப் பாருங்கள்.

ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளில் பவர்-டி வசதியை ஆன் செய்தும் ஒரு வாட்கூடக் குறையவில்லையே?

குறையாது. பவர்-டி சிப்பின் வேகத்தை ஏற்றி இறக்குகிற பழைய வழி. ஸ்பீடு ஷிஃப்ட் உள்ள இன்டெல் சிப்கள் அந்த வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். சும்மா இருக்கும்போது வேகத்தைவிடத் தூக்கத்தின் ஆழம்தான் முக்கியம். அதைத்தான் சி-ஸ்டேட் என்கிறோம்: சி1 கண்ணை மூடிப் படுத்திருப்பது, அதற்கு மேலுள்ள எண்கள் அசந்து தூங்குவது.

முதலில் பயாஸில் (கணினி துவங்கும்போது நுழைகிற அமைப்புப் பக்கம்) சி-ஸ்டேட் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். பெயர் தெரியாத பல பெட்டிகளில் அணைத்தே அனுப்புகிறார்கள். அப்புறம் ஓபிஎன்சென்ஸின் ட்யூனபிள்ஸ் (அமைப்பு மதிப்புகளை மாற்றும்) பக்கத்தில் 'சிஎக்ஸ் லோவஸ்ட்' என்று முடியும் மதிப்பு சி1 என்றிருந்தால் சி-மேக்ஸ் (முடிந்தவரை ஆழமான தூக்கம்) என்று மாற்றுங்கள். 'சிஎக்ஸ் யூசேஜ்' (எந்த ஆழத்தில் எவ்வளவு தூங்கியது என்ற கணக்கு) இன்னமும் சி1-இலேயே 100 சதவீதம் காட்டினால் மாற்றம் ஏறவில்லை என்று அர்த்தம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மீட்டரைப் பாருங்கள். மொத்தமாக மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது.

ஏஎஸ்பிஎம் (போர்ட், எஸ்எஸ்டி போன்றவற்றின் உள் இணைப்பைச் சும்மா இருக்கும்போது தூங்கவைக்கும் வசதி) ஆன் செய்த நாளிலிருந்து இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது.

2.5 ஜி (ஜிகாபிட்) போர்ட் சிப்கள் சிலவற்றுக்கும் ஏஎஸ்பிஎம்முக்கும் ஆகாது. என் வீட்டிலும் இதே கதை: வீடியோ அழைப்பு நடுவில் இரண்டு முறை அறுந்ததும் எழுந்துபோய் அணைத்தேன். நெட்வொர்க் போர்ட்டுகளுக்கு மட்டும் அணைத்துவிட்டு, எஸ்எஸ்டிக்கு விட்டுவையுங்கள். பயன்படாத போர்ட்டில் கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். பத்து ஜிக்கு ஆர்ஜே45 மாட்யூல் (சாதாரண லேன் கேபிள் செருகும் வகை) போட்டிருப்பவர்கள் டிஏசி கேபிளுக்கு (இரு முனையிலும் மாட்யூல் சேர்ந்தே வரும் செம்புக் கேபிள்) மாறினாலே இரண்டு வாட் அளவில் மிச்சமாகும். பயாஸைக் குடைவதைவிட அது சுலபம்.

45 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்தான் என் ஃபயர்வால். மாற்றலாமா?

கணக்குப் போடுவோம். ஒரு வாட் இரண்டு மாதம் ஓடினால் 1.44 யூனிட். 12 வாட் பெட்டிக்கு மாறினால் 33 வாட் மிச்சம், அதாவது ஒரு பில்லுக்குச் சுமார் 47.5 யூனிட். தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் விலையும் சேர்ந்து ஏறுகிறது. அந்தக் கோட்டுக்கு அருகில் இருப்பவர் என்றால் மாற்றுங்கள். 200 யூனிட்டே தாண்டாத வீடு என்றால், புதுப்பெட்டியின் விலையை எடுக்கப் பல வருடம் ஆகும். அந்த டெஸ்க்டாப் சாகும் வரை ஓடட்டும்.

இரவில் டைமர் பிளக் வைத்து அணைத்துவிடலாமா?

வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்டைத் துண்டித்தால் ஃபைல் சிஸ்டம் கெடலாம். அணைத்தே ஆக வேண்டுமென்றால், முறையாக ஷட்டவுன் செய்யும் கட்டளையை இரவு நேரத்துக்கு கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) போடுங்கள். வாசல் கேமராவும் அதே நெட்வொர்க்கில் இருந்தால் அதற்கும் அப்போது இணையம் இருக்காது.