கைக்குழந்தை உணவு: கெட்டி வேறு, கட்டி வேறு

கேள்வி: நாலு மாசக் குழந்தை. வெயில் தாங்கல. ரெண்டு ஸ்பூன் தண்ணி கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தாய்ப்பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். கூடுதலாக இரண்டு முறை பால் கொடுங்கள்.

கேள்வி: பவுடர் பால் செரிக்கலைன்னு நீர்க்கக் கலக்குறோம்.

பதில்: உடனே நிறுத்துங்கள். எடை ஏறாது, ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரைக்கும் போகும். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, டப்பாவில் சொன்ன கணக்குக்கு மட்டமாக வழித்த ஸ்கூப் போடுங்கள். பவுடரிலும் கிருமி இருக்கலாம். அதனால் கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் கலந்து, பிறகு ஆற்றிக் கொடுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: ஏழு மாசம், ஏழு கிலோ. ராகிப்பால் வடிகட்டி மூணு வேளை கொடுக்கிறேன். எடை ஏறவே இல்லை.

பதில்: இந்த வயதில் வயிறு கிலோவுக்கு ஏறக்குறைய 30 மி.லி. பிடிக்கும். உங்கள் குழந்தைக்கு 210. அதைத் தண்ணியான கஞ்சியால் நிரப்பினால் சத்துக்கு இடமேது? ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாத பதம் வேண்டும். விழுங்கச் சிரமப்பட்டால் தண்ணீர் சேர்க்காதீர்கள், முளைமாவு சேருங்கள். ராகியை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் உலர்த்தி அரையுங்கள். வறுக்கக் கூடாது, முளையில் உண்டாகும் அமைலேஸ் நொதிதான் மாவுச்சத்தை உடைத்துக் கூழை இளக்குகிறது, அது சூட்டில் செத்துவிடும். கெட்டியாகக் கிண்டிய கூழ் சற்று ஆறியதும் இந்த மாவு ஒரு சிறு ஸ்பூன் கலந்தால் சில நிமிடத்தில் இளகும். மறுபடி ஒரு கொதி விட்டு, நெய் ஒரு ஸ்பூன் விடுங்கள். அதுவே 45 கலோரி. இரும்புச்சத்துக்கு ராகியை மட்டும் நம்பாதீர்கள். பருப்பு, முட்டை, ஈரல் மசித்துக் கொடுங்கள்.

கேள்வி: கெட்டியா கொடுத்தா தொண்டையில சிக்காதா? எங்க மாமியார் வடிகட்டித்தான் மூணு பிள்ளைகளை வளர்த்தாங்க.

பதில்: கெட்டி வேறு, கட்டி வேறு. சிக்குவது கட்டி. கட்டியில்லாமல் மசித்த கூழ், ஸ்பூனில் ஒழுகாமல் நிற்கும் பதத்தில் இருந்தாலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். முதல் சில நாள் வடிகட்டுவதில் தவறில்லை, உங்கள் மாமியாரும் அப்படித்தான் தொடங்கியிருப்பார். மாதக்கணக்கில் அதையே தொடர்வதுதான் தவறு.

கேள்வி: தோலோட கொடுத்தா வயிறு உப்பும்னு சொல்றாங்களே?

பதில்: ராகியின் கால்சியத்தில் பெரும்பங்கு அந்தத் தோலில்தான் இருக்கிறது. நைசாக அரைத்தால் போதும்.

கேள்வி: நாக்குல தேன் தடவலாமா?

பதில்: ஒரு வயது முடியும் வரை கூடாது. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலிசம் நோய்க் கிருமியின் வித்து தேனில் இருக்கலாம். காய்ச்சினாலும் சாகாது.

கேள்வி: எட்டு மாசம். பசும்பால்ல பாதிக்குப் பாதி தண்ணி விட்டு?

பதில்: மறுபடியும் தண்ணீர்! ஒரு வயதுக்கு முன் பசும்பால் முக்கிய உணவே அல்ல. அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மேலே ராகிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி: நேத்துலேர்ந்து வயித்தால போகுது, ஆறு மணி நேரமா சிறுநீர் இல்ல. என்ன கஞ்சி கொடுக்க?

பதில்: கஞ்சி வேண்டாம். ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டிக்கொண்டே, பால் கொடுப்பதை நிறுத்தாமல், இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.