பென்குயின் அம்மா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எம்பெரர் பென்குயின் பற்றிய ஒரு காணொளியை எட்டாம் வகுப்புக்குப் போட்டுக் காட்டினேன். வெளியே நல்ல பனிமூட்டம். பிள்ளைகள் ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு பார்த்தார்கள். முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, “கோடையில் முட்டையிட்டால் என்ன டீச்சர்? முட்டையை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போகிற அம்மாவுக்குப் பாசமே கிடையாதா?” என்றாள். என்னால் சரியாக விளக்க முடியவில்லை.

– ஓர் ஆசிரியை, ஏற்காடு

அன்புள்ள டீச்சருக்கு,

மிக நல்ல கேள்விகள். குஞ்சு கடலில் இறங்கும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அன்டார்க்டிகாவில் கோடை என்பது டிசம்பர், ஜனவரி. அப்போதுதான் கடற்பனி உடைந்து தண்ணீர் பக்கத்தில் வரும், இரையும் மிகுதி. அதற்குள் குஞ்சு தயாராக வேண்டும். வளர ஐந்து மாதம், அடைகாக்க இரண்டு மாதம். கழித்தால் முட்டைக்குரிய மாதம் மே, ஜூன். அங்கே அது கடுங்குளிர்காலம். நம் விவசாயி ஆடிப்பட்டம் பார்ப்பதும் இப்படி அறுவடையை மனதில் வைத்துத்தானே.

முட்டை ஒன்றே ஒன்று, ஏறக்குறைய 450 கிராம். கூடு கிடையாது. கைமாறும்போது இரண்டும் ஒட்டி நிற்கும். பெண் தன் பாதத்திலிருந்து முட்டையை நழுவவிட, ஆண் அதைத் தன் பாதத்தில் ஏற்றி, அடிவயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொள்ளும். மடிப்புக்குள் இறகில்லாத வெறும் தோல். அதன் சூடு நேராக முட்டைக்குப் போகும். தவறிப் பனியில் உருண்டு கிடந்தால் சீக்கிரமே உறைந்துவிடும். அப்படி வீணாகும் முட்டைகளும் உண்டு.

கரையேறி வந்ததிலிருந்து அந்த அம்மா ஒரு மீன்கூடத் தின்னவில்லை. முட்டையை உருவாக்கி உடம்பும் வற்றிவிட்டது. அது கடலுக்குப் போய் வயிறு நிறைய இரையோடு திரும்பினால்தான் குஞ்சு பிழைக்கும். திரும்பி வரும்போது ஆயிரக்கணக்கான பறவைகளின் நடுவே குரலை வைத்தே தன் இணையைக் கண்டுபிடிக்கிறது. அது வரத் தாமதமானால், அத்தனை மாதம் பட்டினி கிடந்த அப்பா தன் உணவுக்குழாயில் சுரக்கும் பால்போன்ற ஒன்றைக் குஞ்சுக்கு ஊட்டிச் சில நாள் காப்பாற்றும்.

அப்பாக்கள் நிற்கும் விதத்தையும் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். மைனஸ் 40 டிகிரி, மேலே பனிப்புயல். கூடு இல்லாததால் ‘இது என் இடம்’ என்ற சண்டை இல்லை. முட்டை பாதத்திலேயே இருப்பதால் அதோடு நகரவும் முடிகிறது. நெருக்கியடித்து நின்று, அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை சில சென்டிமீட்டர் மட்டும் நகர்கின்றன. அந்த அசைவு கூட்டம் முழுக்க அலைபோலப் பரவும். நெரிசலுக்குள் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டும், சில வேளை 37 வரை போகும். நம் ஏற்காட்டு டிசம்பரே அதைவிடக் குளிர்!

இந்தக் கணக்கு முழுக்கப் பனியை நம்பியது என்பதுதான் எனக்குக் கவலை. 2022இல் பெல்லிங்ஸ்ஹாசன் கடல் பகுதியில் பனி முன்கூட்டியே உடைந்தது. நீர் ஒட்டாத இறகு முளைக்கும் முன்பே குஞ்சுகளின் காலடியில் தரை போய்விட்டது. அங்கிருந்த ஐந்து குடியிருப்புகளில் நான்கில் அந்த ஆண்டு ஒரு குஞ்சும் தப்பியிருக்க வாய்ப்பில்லை என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அடுத்த வகுப்பில் அந்தக் கடல் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டுங்கள்.

அன்புடன்,
சேலத்திலிருந்து