சிமுலேட்டரில் 92 மதிப்பெண், நிஜ இரும்பில் ராடு ஒட்டுகிறதா?

தம்பி, நெருப்பில்லாமல் திரையில் பழகும் வெல்டிங் சிமுலேட்டரில் 92 மதிப்பெண் எடுத்தும், பட்டறையில் ராடு, அதாவது உருகி இணைப்பாகும் வெல்டிங் குச்சி, இரும்பில் ஒட்டிக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையில் குறை இல்லை. கோணத்தையும் நகர்த்தும் வேகத்தையும் அந்தக் கருவி நன்றாகவே பழக்கும். தவறினால் கைப்பிடி அதிர்ந்து சொல்லும். முகத்தில் அடிக்கும் சூடு அதில் ஏது?

முதலில் ஆம்பியரை, அதாவது மெஷினில் வைக்கும் மின்னோட்ட அளவைப் பாருங்கள். 3.15 மி.மீ. ராடுக்கு 70, 80 என்று வைத்தால் ஒட்டத்தான் செய்யும். 110 வைத்துப் பாருங்கள். மின்சாரம் திரும்பிப் போக இரும்பில் மாட்டும் கவ்வியான எர்த் கிளாம்ப் கவ்வும் இடத்தில் துருவையும் பெயின்டையும் சுரண்டிவிடுங்கள். ராடைக் குத்தாதீர்கள், தீக்குச்சியை உரசுவதுபோல் இழுங்கள். ஆர்க், அதாவது ராடு நுனியில் எரியும் மின்சுடர், பிடித்ததும் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே ராடின் பருமன் அளவே இடைவெளி. ராடு எரிந்து குறையக் குறையக் கையும் இறங்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒட்டினால் பதறி இழுக்காமல், மணிக்கட்டைச் சட்டென்று திருப்புங்கள்.