வாடகை டம்ப்ஸ்டரில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?

அமெரிக்காவில் வீட்டை இடித்துப் புதுப்பிக்கும்போது, லாரியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போகும் பெரிய இரும்புத் தொட்டிதான் டம்ப்ஸ்டர். பழைய சோபா, மரச்சட்டம், கம்பளம் எல்லாம் பொதுவாகப் போடலாம். காயாத பெயின்ட், எஞ்சின் ஆயில், பேட்டரி, டயர் கூடாது. தொட்டியில் போடுபவை போய்ச்சேரும் இடம் பெரும்பாலும் குப்பைக் கிடங்கு. ஆயில் கசிந்தால் நிலத்தடி நீர் கெடும். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். டயர் கதைதான் வேடிக்கை: புதைத்தாலும் உள்ளே வாயு சேர்ந்து மெல்ல மேலே கிளம்பி வந்துவிடும்.

விமானத்தில் செக்-இன் செய்யும் பெட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் வைக்க முடியாது, எடைக்கும் வரம்பு உண்டு. கான்கிரீட், மண் என்றால் தொட்டி பாதி நிறைவதற்குள்ளேயே எடை தாண்டிவிடலாம்.

'அடியில் ஒளித்துவிட்டால் யாருக்குத் தெரியும்' என்பது தப்புக்கணக்கு. கிடங்கில் கவிழ்க்கும்போது அடியில் கிடப்பதும் வெளியே வந்து விழும், கூடுதல் கட்டணம் உங்கள் தலையில்.