தருமமிகு சென்னை

மதிப்பிற்குரிய அம்மா,

ஆகஸ்ட் 22 சென்னை தினத்தன்று 'சென்னையின் பணி' என்ற தலைப்பில் என் மகள் பள்ளியில் பேச வேண்டும். நான் மதுரைக்காரன். கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் எங்களுடையது. வணிகக் கம்பெனி கோட்டையும் கிடங்கும் கட்டுவதற்காகப் பெற்ற கடற்கரைத் துண்டுக்கு ஆன்மிகப் பணி என்று என்ன இருக்க முடியும்? 1639-ஐப் பிறந்த ஆண்டாகக் கொள்வதாவது சரிதானா? மகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

தேதிச் சண்டை எனக்கு அலுத்துவிட்டது. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. மயிலாப்பூரின் பழமையும் எல்லாரும் அறிந்ததே. கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேக்கு நாயக்கர் நிலம் கொடுத்த நாளைக் கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும். அதில் எந்தக் கோபுரமும் சரிந்துவிடாது.

ஆனால் 'ஆன்மிகப் பணி என்ன இருக்க முடியும்' என்று கேட்டீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. சில மாதங்களாக என் மனத்திலும் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். ஏழுகிணறு வீராசாமி தெருவில் வளர்ந்த ஒரு சிறுவன் கந்தகோட்டத்துக்கு நடந்து போய் முருகனைப் பாடினான். பாட்டுக்குப் பாட்டு 'தருமமிகு சென்னை' என்று இந்த ஊரையும் சேர்த்தே பாடினான். வள்ளலாரின் தெய்வமணி மாலையைப் படித்த பிறகுமா நண்பரே இதைக் கிடங்கு ஊர் என்பீர்கள்? பிற்பாடு அவர் 1867-இல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பசித்தவனுக்குச் சோறு போடுவதே வழிபாடு என்று வாழ்ந்து காட்டியவரை வளர்த்த ஊர் இது. கோயிலைச் சுற்றி வளர்ந்தால்தான் ஊருக்கு ஆன்மா உண்டு என்ற எண்ணத்தை மகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஏழைக்குச் செய்வதே வழிபாடு என்ற வள்ளலாரின் எண்ணம் அரசாங்கத்தின் வாயிலிருந்தும் ஒருமுறை வந்தது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, அண்ணாவின் சொல்லைத் தன் வாசகமாக எடுத்துக்கொண்டது: 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்'. வீடு கட்டும் ஓர் அலுவலகத்துக்கு இறைவன் எதற்கு என்று அன்று யாரும் கேட்கவில்லை. குடிசைகள் நின்ற இடத்திலேயே மூன்று நான்கு மாடிகள் எழும்பின. சுவர்கள் பெயர்ந்தன, குழாய்கள் ஒழுகின, எல்லாம் உண்மைதான். ஆனாலும் மீன் விற்கிறவருக்குக் கடல் பக்கத்தில் இருந்தது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தது.

எங்கள் வீட்டில் சமைத்த அக்கா ஒருவர் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கூவம் கரையில் இருந்தார். அவர் வைக்கும் வற்றல் குழம்புக்காகவே என் மாமனார் ஊரிலிருந்து வருவார். ஒரு நாள் கரையிலிருந்த வீடுகளைக் காலி செய்ய லாரிகள் வந்தன. பள்ளி நடந்துகொண்டிருந்த மாதம். அவருடைய பெண் பத்தாம் வகுப்பு. நகரின் தெற்கு ஓரத்தில், பெரும்பாக்கத்தில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். இங்கிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். இருட்டோடு கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் படியில் உட்கார்ந்து, "பொண்ணு படிப்ப நிறுத்திட்டா கண்ணு" என்றார். அந்த மாதத்தோடு அவரும் நின்றுவிட்டார். போனில் பேசினால் எங்கள் நலத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்.

கூவம் கரையில் வெள்ளம் வரும், ஆபத்து என்கிறார்கள். 2015 டிசம்பரில் பெரும்பாக்கம் மட்டும் தண்ணீருக்குத் தப்பியதா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வெள்ள அபாயம் பேசுவது என்ன நியாயம்? இப்படி ஏழைகளைக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடங்கள்தான் எத்தனை: 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். ஆட்சிகள் மாறின, திசை மாறவில்லை. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். ஒரு முழு ஊரையே கொண்டுபோய் ஓரத்தில் வைத்தோம். முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அங்குள்ள பையன்கள் வேறு பேட்டையின் பெயரைச் சொல்கிறார்கள்.

ஊரைப் பெயர்ப்பது சென்னைக்குப் புதிதல்ல. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, 1749-இல் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில், கோட்டைக்கு முன்னால் பீரங்கிக்கு மறைப்பு இருக்கக் கூடாது என்று கோட்டையை ஒட்டி நம்மவர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று உயர்நீதிமன்றம் இருக்கும் இடம் அது. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாளும் வீடிழந்தார். ஆனால் அவருக்கு மாற்று இடம் எங்கே கிடைத்தது? நடந்து போகும் தூரத்தில், இன்றைய தேவராஜ முதலி தெருவில். அவரைக் கும்பிட்டவர்களும் வடக்கே பக்கத்திலேயே குடியேறினார்கள். லாபத்துக்காக வந்த கம்பெனிக்காரன் பெருமாளுக்குக் காட்டிய அந்தக் குறைந்தபட்ச மரியாதையை, ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பதாகச் சொன்ன நாம் சமையல்கார அக்காவுக்குக் காட்டவில்லை.

நகருக்குள் இடம் இல்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். வணிக வளாகம் வரும்போது இடம் கிடைக்கிறது. மால் வரும்போது கிடைக்கிறது. வாரியத்தின் பெயரை 2021-இல் மாற்றினார்கள், இருக்கட்டும். 1970-களில் செய்ததைப் போல, இருக்கிற இடத்திலேயே கட்டிக் கொடுங்கள். அது முடியாத கரையென்றால், பிள்ளை அதே பள்ளிக்கு நடந்து போகும் தொலைவில் கொடுங்கள். அதுவரை பள்ளி ஆண்டின் நடுவில் ஒரு லாரியும் வரக் கூடாது.