பழைய டிஸ்க்கை அழிக்கக்கூடாதுன்னு இன்னைக்கே எழுதிக் குடுங்க தம்பி

கேள்வி: வணக்கம் மேடம். வாங்கி பதினோரு மாசம் ஆன லேப்டாப் திடீர்னு ஆன் ஆகாம போச்சு. வாரன்டி இருக்கறதால கம்பெனியோட சர்வீஸ் சென்டர்லயே குடுத்தேன். குடுக்கும்போதே "உள்ள எங்க அப்பா பேசின ஆடியோ இருக்கு, அவர் இப்ப உயிரோட இல்ல, டேட்டா போயிடக்கூடாது"ன்னு சொன்னேன், கவுன்டர்ல இருந்தவரும் சரின்னு தலையாட்டினார். நாலு நாள் கழிச்சு மதர்போர்டும், ஃபைல் எல்லாம் இருக்கற டிஸ்க்கான எஸ்எஸ்டியும் மாத்திட்டோம்னு போன் வந்துச்சு. போய் பாத்தா புது டிஸ்க், உள்ள ஒண்ணுமே இல்ல. பழசைக் குடுங்கன்னா "மாத்தின பார்ட் கம்பெனிக்குப் போயிடும், நீங்க ஜாப் ஷீட்ல கையெழுத்து போட்டிருக்கீங்க, டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்ல"ங்கறாங்க. என் தீசிஸ் சாப்டர் ரெண்டும் அதுலதான் இருக்கு. டிஸ்க்கைத் திருப்பி வாங்க வழி இருக்கா? போலீஸ்ல திருட்டு கேஸ் குடுக்கலாமா? என் போட்டோ எல்லாம் யாராவது பாத்தா என்ன பண்றது?

பதில்: தம்பி, அப்பா குரல்னு நீங்க எழுதினதைப் படிச்சப்பவே மனசு கனத்துடுச்சு. அதனால சட்டம் அப்புறம் பேசலாம், முதல்ல செய்ய வேண்டியதைச் சொல்லிடறேன். இந்தப் பதிலைப் படிச்ச கையோட சர்வீஸ் சென்டருக்கும் லேப்டாப் கம்பெனியோட கஸ்டமர் கேர் ஐடிக்கும் சேர்த்து ஒரே மெயில் போடுங்க. மாத்தின பார்ட் எல்லாம் சர்வீஸ் சென்டர்லயே கிடக்காது, மொத்தமா கட்டி மேல அனுப்பிடுவாங்க, அங்க போனா ரிப்பேர் பண்ணி வேற மெஷினுக்குப் போகும், இல்லன்னா உடைச்சிடுவாங்க. அப்படி ஆயிடுச்சுன்னா எந்த கோர்ட்டுக்குப் போனாலும் பணம்தான் கிடைக்கும், அப்பா குரல் கிடைக்காது.

மெயில்ல பெரிசா சண்டை எல்லாம் வேணாம். இவ்ளோ இருந்தா போதும்: "இந்தத் தேதியில், இந்த ஜாப் ஷீட் எண்ணில் நான் கொடுத்த லேப்டாப்பிலிருந்து எடுக்கப்பட்ட எஸ்எஸ்டியை என் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அழிக்கவோ, ஃபார்மேட் செய்யவோ, வேறிடத்துக்கு அனுப்பவோ வேண்டாம். அதிலுள்ள கோப்புகள் என்னுடையவை. அதன் சீரியல் நம்பரையும், டிஸ்க் இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் தெரிவிக்கவும். கோப்புகளை என் செலவில் மீட்க அந்த டிஸ்க்கை என்னிடம் ஒப்படைக்கவும்." அதையே பிரிண்ட் எடுத்து ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்பிடுங்க, கவுன்டர்ல நேர்ல ஒரு காப்பி குடுத்து சீல் வாங்க முடிஞ்சா இன்னும் நல்லது. சீரியல் நம்பரைக் கேக்கறதுக்குக் காரணம் இருக்கு, நாளைக்கு வேற ஏதோ ஒரு டிஸ்க்கைக் காட்டி "இதான் உங்களோடது, செத்துப் போச்சு பாருங்க"ன்னு சொல்ல முடியாது.

இப்ப அந்தக் கையெழுத்துக்கு வருவோம். போட்டது போட்டதுதான், சும்மா பயமுறுத்தறாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். 1996ல சுப்ரீம் கோர்ட் முடிவு பண்ணின பாரதி நிட்டிங் கம்பெனி வழக்குன்னு ஒண்ணு இருக்கு, கூரியர்ல அனுப்பின டாக்குமெண்ட் கவர் போய்ச் சேரல, அதனால அனுப்பினவங்களுக்கு ஆன நஷ்டம் ரொம்ப அதிகம், ஆனா கூரியர் ரசீதுல எங்க பொறுப்பு 100 டாலர் வரைக்கும்தான்னு போட்டு அனுப்பினவங்க கையெழுத்தும் இருந்ததால அந்த 100 டாலர்தான்னு சொல்லிட்டாங்க. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதல்ல எடுத்து நீட்டுவார், அதனால நீங்களும் தெரிஞ்சு வெச்சுக்கங்க.

ஆனா உங்க ஜாப் ஷீட்ல என்ன எழுதியிருக்குன்னு வார்த்தை வார்த்தையா படிக்கணும். பொதுவா "ரிப்பேர் நடக்கும்போது டேட்டா அழிஞ்சா நாங்க பொறுப்பில்ல, பேக்கப் எடுத்துக்கறது உங்க வேலை"ன்னு இருக்கும். சரி, ரிப்பேர் பண்ணும்போது தானா அழிஞ்சா கேக்க முடியாதுதான். ஆனா அழியாம உள்ள இருக்கற ஃபைலை, வேணும்னு நீங்க எழுதிக் கேட்ட பிறகும் தர மாட்டேன்னு வெச்சுக்கறதுக்கும் கேட்ட பிறகு அழிக்கறதுக்கும் அந்த வரி லைசென்ஸ் குடுக்கல. டிஸ்க்குங்கற பொருள் வேற, அதுல நீங்க எழுதி வெச்சிருக்கறது வேற. வாரன்டி கண்டிஷன்ல "மாத்தின பார்ட் கம்பெனிக்குச் சொந்தம்"னு இருந்தா பொருள் அவங்களோடதுன்னு அவங்க வாதாட முடியும், அதுல கொஞ்சம் பலமும் இருக்கு, ஆனா உங்க அப்பா பேச்சும் உங்க தீசிஸும் கம்பெனிக்குச் சொந்தம்னு எந்த கண்டிஷனும் சொல்லாது.

ஒப்பந்தச் சட்டம் 1872ல 148வது பிரிவுல இருந்து இந்த உறவைப் பத்திதான் பேசுது. ஒரு வேலைக்காகப் பொருளை ஒருத்தர்கிட்ட ஒப்படைக்கறோம், வேலை முடிஞ்சதும் அவர் திருப்பித் தரணும். 151வது பிரிவு, சாதாரண விவேகமுள்ள ஒரு மனுஷன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பாத்துப்பானோ அப்படிப் பாத்துக்கணும்ங்குது. அப்பா ஆடியோ இருக்குன்னு நீங்க முன்னாடியே சொல்லியாச்சு. அப்படித் தெரிஞ்ச ஒருத்தர் டிஸ்க்கைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணி "மாத்தணும், பழசு திரும்ப வராது, சம்மதமா"ன்னு கேட்டிருக்கணுமா இல்லையா? நம்ம கேஸ் நிக்கறது இந்தக் கேள்வியிலதான்.

அதனால நீங்க சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது தடயம் இருக்கான்னு தேடுங்க. எங்கிட்ட வந்த ஒரு அம்மா கேஸ் ஞாபகம் வருது. ஜாப் ஷீட்ல "டேட்டா பேக்கப் எடுக்கப்பட்டதா"ன்னு ஒரு கட்டம், அதுல "ஆம்"க்கு நேரா டிக். அந்த அம்மா அழாத குறையா நான் டிக் பண்ணவே இல்லங்கறாங்க. பேப்பரை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா அவங்க கையெழுத்து நீல இங்க், டிக் கறுப்பு இங்க், மேல ஸ்டாஃப் எழுதின பேரும் தேதியும் அதே கறுப்பு. அந்தப் பேப்பரோட ஒரிஜினல் அவங்ககிட்ட இருந்ததாலதான் அந்த விஷயம் எடுபட்டது. உங்க ஜாப் ஷீட்லயும் அந்த மாதிரி கட்டம் இருக்கா, "கஸ்டமர் ரிமார்க்ஸ்"ல ஏதாவது எழுதியிருக்காங்களான்னு பாருங்க. அந்த நாலு நாள்ல வந்த எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் எதையும் டெலீட் பண்ணாதீங்க. 2024 ஜூலை 1லேர்ந்து நடைமுறையில இருக்கற சாட்சியச் சட்டத்துல 63வது பிரிவுப்படி இதையெல்லாம் சான்றிதழோட தாக்கல் பண்ணணும், அதுக்கு அந்தப் போனும் அதுல இருக்கற மெசேஜும் அப்படியே இருந்தாத்தான் நல்லது.

இன்னொரு விஷயம், இது சட்டம் இல்ல, ஆனா இதைச் செய்யாம டிஸ்க்குக்காக அலையறதுல அர்த்தமே இல்ல. இப்ப வர்ற லேப்டாப்ல நிறைய, நாம கேக்காமலே டிஸ்க்கை என்க்ரிப்ட் பண்ணி, அதாவது சாவி இல்லாம படிக்க முடியாதபடி பூட்டி வெச்சிருக்கும். விண்டோஸ்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு செட்டப் பண்ணியிருந்தா அனேகமா பிட்லாக்கர்ங்கற அந்தப் பூட்டு ஓடிட்டிருக்கும். திறக்கற சாவி மதர்போர்டுல இருக்கற சிப்போட கட்டிப் போட்டது, உங்களுக்கு மதர்போர்டையும் மாத்திட்டாங்க, அப்ப டிஸ்க் கைக்கு வந்தாலும் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாம உள்ள போகவே முடியாது. வேற கம்ப்யூட்டர்லயோ போன்லயோ உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டைத் திறந்து அந்தக் கீ இருக்கான்னு பாருங்க, இருந்தா உடனே பேப்பர்ல எழுதி வெச்சுக்கங்க. பழைய லேப்டாப்போட பேரை அக்கவுன்ட்ல இருந்து எடுத்துடாதீங்க. கீ எங்கயுமே இல்லன்னா எனக்கு ஒரு வரி எழுதுங்க, கேஸை எதுக்காகப் போடறோம்ங்கறதே மாறிடும்.

சரி, மெயில் போட்டு பதினஞ்சு நாள்ல பதில் இல்ல, இல்லன்னா முடியாதுன்னுட்டாங்கன்னு வெச்சுப்போம். 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் உதவி மையத்துல ஒரு புகார் பதிஞ்சு வைங்க, கம்பெனியோட மேல் மட்டத்துக்கு விஷயம் போறதுக்கு அது பல தடவை உதவியிருக்கு, கவுன்டர்ல முடியாதுன்னது அங்க முடியும். சில கம்பெனிங்க தனியா காசு கட்டினா பழைய டிஸ்க்கை வெச்சுக்கவே விடறாங்க, அப்படி ஏதாவது வழி இருக்கான்னும் கேளுங்க, காசு கட்டி வாங்கறதுல தோத்துட்டோம்னு நினைக்காதீங்க.

அதுக்கும் அசையலன்னா நீங்க குடியிருக்கற மாவட்டத்து நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல 34வது பிரிவுப்படி நீங்க இருக்கற இடத்துலயே போடலாம், கம்பெனி ஹெட் ஆபீஸ் இருக்கற ஊருக்கு ஓட வேண்டியதில்ல. பொருளுக்குக் குடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள்ளன்னா கட்டணமும் கிடையாது, ரெண்டு வருஷம் டைம் இருக்கு, நுகர்வோர் வழக்குக்கான இ-ஜாக்ரிதிங்கற அரசு இணையதளத்துலயே தாக்கல் பண்ணலாம். வாரன்டியில சும்மா பண்ணிக் குடுத்தோம், அதனால இவர் நுகர்வோரே இல்லன்னு சொல்லிப் பாப்பாங்க, லேப்டாப்புக்குக் குடுத்த விலையிலயே வாரன்டிக்கும் சேர்த்துத்தான் குடுத்திருக்கீங்க, பில்லை வெச்சா போதும்.

மனுவுல ரெண்டு விஷயத்துல கவனமா இருக்கணும். ஒண்ணு, "இந்த கண்டிஷன் ஒருதலைப்பட்சமான நியாயமில்லாத ஒப்பந்தம்"னு முக்கியமா அதை வெச்சு எழுதிடாதீங்க, நியாயமற்ற ஒப்பந்தத்தை விசாரிக்கற அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான், மாவட்டத்துல போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க, மாசக்கணக்குல போயிடும். சேவைக் குறைபாடுன்னு எழுதுங்க. ரெண்டாவதுதான் உயிர்நாடி: மெயின் மனுவோட சேர்த்து, தீர்ப்புக்கு முன்னாடியே உத்தரவு கேக்கற இடைக்கால மனு ஒண்ணு போடணும், அதே சட்டத்துல 38வது பிரிவு 8வது உட்பிரிவுல. டிஸ்க்கை அழிக்கக்கூடாது, இப்ப எங்க இருக்குன்னு சொல்லணும், ஆணையத்துல ஒப்படைக்கணும்னு கேளுங்க. நஷ்ட ஈட்டுத் தொகையைப் பெரிசா போட்டுட்டு இந்த இடைக்கால மனுவைப் போடாம விட்டவங்களை நான் பாத்திருக்கேன், தீர்ப்பு வரும்போது டிஸ்க்கே இருக்காது. சிவில் கோர்ட்லயும் 1963 குறித்தவகை நிவாரணச் சட்டம் 8வது பிரிவுல, பணமா குடுத்தா ஈடாகாதுங்கற பொருளை அப்படியே திருப்பித் தரச் சொல்லலாம்னு இருக்கு, ஆனா மாத்தின பார்ட் யாருக்குச் சொந்தம்ங்கற சண்டை அங்க இன்னும் கூர்மையா வரும், அதனால எனக்கு ஆணையம்தான் முதல் வழியா படுது.

போலீஸ்ல திருட்டு கேஸ் வேணாம் தம்பி. நீங்களா ஒப்படைச்ச பொருளை, சரியோ தப்போ ஒரு கண்டிஷனைக் காட்டி வெச்சிருக்காங்க, நேர்மையில்லாத எண்ணம்னு காட்டறது கஷ்டம், எஃப்ஐஆர் போட மாட்டாங்க, உங்க நாள்தான் போகும்.

போட்டோ பத்திக் கேட்ட பயம் நியாயமானது. ரிப்பேருக்குக் குடுத்தீங்க, உள்ள நோண்டறதுக்குக் குடுக்கல. உங்க அனுமதி இல்லாம ஃபைலைத் திறந்து காப்பி எடுத்தா தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43வது பிரிவுல நஷ்ட ஈடு கேக்கலாம், அதை நேர்மையில்லாமலோ மோசடியாவோ பண்ணினா 66வது பிரிவுல குற்றம், மூணு வருஷம் வரைக்கும் சிறை. ஒப்பந்தத்துல கைக்கு வந்த தனிப்பட்ட தகவலை வெளியில விட்டா 72ஏ, அந்தரங்கப் படம்னா 66இ. ஆனா இதுக்கெல்லாம் அப்படி நடந்ததுக்கு ஏதாவது அடையாளம் வேணும், வெறும் சந்தேகத்துல போட முடியாது. அப்படி ஏதாவது தெரிஞ்சா அன்னைக்கே சைபர் க்ரைம் போர்ட்டல்ல பதியுங்க. அதுக்கு முன்னாடி பிரௌசர்ல சேவ் ஆன பாஸ்வேர்டை எல்லாம் இன்னைக்கே மாத்திடுங்க.

டிஸ்க் கைக்கு வந்துட்டா ஆசையில நீங்களே திரும்பத் திரும்ப கனெக்ட் பண்ணிப் பாக்காதீங்க, போகற நிலைமையில இருக்கற டிஸ்க் ஒவ்வொரு தடவை கரண்ட் குடுக்கும்போதும் இன்னும் மோசமாகலாம். நேரா டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட போங்க, ஆனா அங்கயும் பேப்பர் வேணும். ஒப்பந்தச் சட்டம் 170வது பிரிவுல ஒரு உதாரணம் போட்டிருக்கு: பட்டை தீட்டாத வைரத்தை ஒருத்தர் நகை வேலைக்காரர்கிட்ட குடுக்கறார், அவர் பட்டை தீட்டி முடிக்கறார், கூலி குடுக்கற வரைக்கும் கல்லை அவர் வெச்சுக்கலாம். டேட்டா எடுத்தவரும் அதே மாதிரி, கூலிக்காக டிஸ்க்கைப் பிடிச்சு வெக்க அவருக்கு உரிமை இருக்கு. அதனால எவ்ளோ, ஃபைல் கிடைக்கலன்னா எவ்ளோ, நீங்க கேக்கற ஆடியோ ஃபோல்டர் வந்தாத்தான் முழுக் கூலியான்னு முன்னாடியே எழுதி வாங்கிடுங்க. எடுத்த ஃபைல்ல அவர் காப்பி வெச்சுக்கக்கூடாதுன்னும் ஒரு வரி சேருங்க.

அப்பா அந்த ஆடியோவை எதுல பேசினார்? போன்ல ரெக்கார்ட் பண்ணி லேப்டாப்புக்கு மாத்தினதுன்னா அந்தப் பழைய போனை எடுத்து வைங்க, யாருக்காவது வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தா அவங்ககிட்டயும் கேளுங்க. தீசிஸ் சாப்டர் கைடுக்கு மெயில் பண்ணினது இருக்கும். மெயில் போட்டதும் ஜாப் ஷீட்டோட ரெண்டு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, பின்பக்கத்து சின்ன எழுத்து தெரியணும், இடைக்கால மனுவை நானே பாத்து எழுதித் தரேன்.